இருவர் தங்கலாம்

பணம் திரும்பாது என்று ஜனவரியிலேயே எழுதியிருந்தார்கள்.
பிரிவது என்று முடிவானது மார்ச்சில்.
ஆகவே ஜூனில் இருவரும் வந்தோம்,
ரெடிங்கிலிருந்து பெர்த்ஷயருக்கு ஒன்பது மணி நேரம்,
பின் இருக்கையில் குக்கர்,
ஐந்து கிலோ பொன்னி, மாவுக்கென ஒரு குளிர்ப்பை.
வக்கீல் கடிதத்தை மட்டும்
யாரும் எடுத்து வரவில்லை.

சாவி, சொன்னபடியே, பூந்தொட்டிக்கு அடியில்.
மேசைமேல் எல்ஸ்பெத் அம்மாள் வைத்த கோப்பு,
பக்கத்துக்குப் பக்கம் பிளாஸ்டிக் உறை:
கணப்பில் ஈர விறகு இடாதீர்.
இரும்புக் கேட்டைத் திறந்தபடி விடாதீர்.
குழாய்த் தண்ணீர் தேயிலை நிறத்தில் வரும், அஞ்சாதீர்.
அப்புறம் சாமான் பட்டியல்.
தட்டு ஆறு, கரண்டி பதினொன்று,
கண்ணாடித் தம்ளர் நான்கு,
முட்டை நறுக்கும் கம்பி ஒன்று.
இளம்பரிதி வாசிக்க, நான் எண்ணிச் சரிபார்த்தேன்.
பதினாறு வருஷச் சாமான்களைப்
போன மாதம் இப்படித்தான் எண்ணினோம்.
அன்று குரல் இவ்வளவு தணிந்திருக்கவில்லை.

படுக்கை ஒன்றே. அகலமானது.
நடுவில் சுருட்டி வைத்த போர்வையைப் பற்றி
இருவருமே பேசவில்லை.

முதல் நாள் மழை.
இரண்டாம் நாளும் மழை. கடுகு வெடித்ததும்
உத்தரத்தில் புகைமணி அலறத் தொடங்கியது.
அவன் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிற
நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.
ரசத்தில் உப்பில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.
கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது ஜாடி.

இரவு பத்தாகியும் அணையாத வெளிச்சம்.
தூங்குவதாக நடிக்கவும்
கொஞ்சம் இருட்டு வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் வெறித்தது. நடந்தோம்.
கேட்டுக்கு அப்பால், சரிவில்,
நான்கு காலும் வானம் பார்க்க ஒரு ஆடு.
செத்துப்போச்சு என்றேன்.
கண் அசையுது என்றான்.
கோப்பில் இருந்தது, பதினான்காம் பக்கம்:
மழையில் ஊறிக் கம்பளி கனத்தால்
மல்லாந்த ஆடு தானாக எழாது.
காகம் கண்ணைத் தேடி வருமுன் புரட்டிவிடுங்கள்.
புரட்டியதும் கையை எடுத்துவிடாதீர்கள்.

அவன் தோள் பக்கம், நான் இடுப்புப் பக்கம்.
மணிக்கட்டு வரை கம்பளிக்குள் புதைந்தது கை.
மேலே சில்லென்று ஈரம்,
உள்ளே சுடச்சுட உயிர்.
ஒண்ணு, ரெண்டு என்று எண்ணி
மூன்றில் நான் தள்ள, நாலில் அவன் தள்ளினான்.
வழக்கம்போல.
மறுபடி எண்ணினோம்.

நின்றுவிட்டது. கால்கள் வெடவெடத்தன.
விட்டால் அதே பக்கம் சாயும்.
ஆளுக்கொரு பக்கம் முழங்காலை அண்டக்கொடுத்து
ஒரு ஆட்டின் அகலத்தில்
முகத்துக்கு முகம் நேராக நின்றோம்.
எவ்வளவு நேரம் என்று கோப்பில் இல்லை.
அவன் காதோரம் நரைத்திருந்தது.
"மூக்குத்தித் திருகு கழண்டிருக்கு" என்றான்.
திருகிக்கொள்ளக் கை ஒழியவில்லை எனக்கு.
"குக்கரை நீயே வச்சுக்க."
"உனக்கு?"
"எனக்கு எதுக்கு, தனி ஆள்."
அந்த நேரம் பார்த்து ஆடு மூத்திரம் பெய்தது,
எங்கள் இருவர் காலணியிலும்,
எந்த வக்கீலும் இவ்வளவு சமமாகப் பிரித்ததில்லை.
நான்தான் முதலில் சிரித்தேன்.
அதற்குள் அது நாலடி நடந்துபோய்
புல்லில் வாய் வைத்திருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்குள் காலி செய்யவேண்டும்.
உடைந்தவை: தம்ளர் ஒன்று.
யார் உடைத்தது என்று கேட்கவில்லை படிவம்.
வருகைப் புத்தகத்தில் எங்களுக்கு முன் வந்தவர்கள்
மழையைப் பற்றியே எழுதியிருந்தார்கள்.
"ஆட்டைப் புரட்டினோம்" என்று எழுதி
பேனாவை என்னிடம் தந்தான்.
"நின்றது" என்று கீழே எழுதினேன்.

கேட்டைத் திறக்க நான் இறங்கினேன்.
கார் வெளியே போய் நின்றது.
சங்கிலியைக் கொக்கியில் மாட்டி
இழுத்துப் பார்த்துத் திரும்பியபோதுதான் கவனித்தேன்,
நான் நின்றிருந்தது உள்பக்கம்.

அவன் ஹாரன் அடிக்கவில்லை.